இடிந்த நகரத்தைக் கட்டியது யார்? கற்பனை விளையாட்டுகளில் ஆப்பிரிக்காவும் இன முத்திரைகளும்

2022 ஆகஸ்டில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் ஸ்பெல்ஜாமர் என்ற விண்வெளிக் கதைக்களம் புதிய பதிப்பாக வந்தது. சில வாரங்களுக்குள், செப்டம்பர் 2-ம் தேதி, அதை வெளியிட்ட விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, சில பகுதிகளையும் நீக்கியது. பிரச்சினைக்குக் காரணம் ஹடோசி என்ற குரங்கு முகக் கற்பனை இனம். கப்பலில் வேலை செய்யும், மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் உயிரினம் அது.

"இல்லாத உலகத்தில் இல்லாத குரங்குக்காக யாரிடம் மன்னிப்பு?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் அந்தப் புத்தகம் மட்டும் போதாது. இந்த விளையாட்டுகள் எப்படி இயங்குகின்றன, ஆப்பிரிக்காவை நினைவூட்டும் நிலங்களை ஐம்பது ஆண்டுகளாக எப்படிக் கட்டின என்பதில் தொடங்க வேண்டும்.

முதலில், இது என்ன விளையாட்டு?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதை நடத்துபவர். டன்ஜன் மாஸ்டர், கேம் மாஸ்டர் என்றெல்லாம் அவருக்குப் பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் காவலாளியிடம் பேச்சுக் கொடுக்கிறேன்" என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடையும் விதியும் முடிவு செய்யும். இந்த வகையில் வணிகமாக வெளியான முதல் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆண்டு 1974, உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்.

விதிப்புத்தகம் தவிர 'கதைக்களப் புத்தகம்' என்று ஒரு வகை உண்டு. ஒரு கற்பனை நாட்டின் வரைபடம், மக்கள், தெய்வங்கள், அரசியல், அங்கே எதிர்ப்படும் ஆபத்துகள் எல்லாம் அதில் இருக்கும். நாவலைப் படித்து மூடி வைத்துவிடலாம். இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மேசைகளில் ஆட்கள் வாரக் கணக்கில் நடிப்பார்கள், தாங்களே புதுக் கதை சேர்ப்பார்கள். எழுதியவரின் கண்ணில் என்ன திரை இருந்ததோ, அதே திரை வழியாகத்தான் அத்தனை மேசைகளும் பார்க்கும்.

இந்தக் கட்டுரையில் 'இன முத்திரை' என்று சொல்வது இதைத்தான்: ஒரு மக்கள் கூட்டத்துக்கு நாலைந்து குணங்களை மட்டும் ஒட்டி, அவை பிறவியிலேயே வந்தவை, எல்லோருக்கும் பொது, மாறாதவை என்று காட்டுவது.

முத்திரை எங்கெல்லாம் குத்தப்படுகிறது?

படத்தில் எலும்பு மாலையும் ஈட்டியும் இருந்தால் யாருக்கும் தெரியும். கண்ணில் படாத நான்கு இடங்கள்தான் முக்கியம்.

1. எண்கள். பாத்திரத்தின் பலம், அறிவு, கவர்ச்சி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஓர்க் என்பது கதைகளில் வரும் ஒரு முரட்டு அரக்க இனம். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில், ஓர்க்கும் மனிதரும் கலந்த பாதி-ஓர்க் இனத்தைத் தேர்ந்தெடுத்தால் பலம் 2 கூடும், அறிவு 2 குறையும், கவர்ச்சி 2 குறையும். 'உடல் பெருசு, மூளை சிறுசு' என்று காலனியாட்சிக் காலத்தில் கறுப்பின மக்களைப் பற்றிச் சொல்லப்பட்ட அதே சூத்திரம், கூட்டல் கழித்தலாக. ஓர்க் என்றால் கறுப்பினத்தவர் என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை. ஆனால் அறிவு பிறப்பால் வருகிறது, இனத்துக்கு இனம் வேறுபடுகிறது என்ற எண்ணம் விதியாகவே இருந்தது.

2. பட்டியல்கள். 1977-ல் வந்த முதல் பெரிய அரக்கர் கையேட்டில் 'மனிதர்கள்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழ் கொள்ளையர், கடற்கொள்ளையர், வணிகர், யாத்ரீகர், நாடோடி எனத் தொழிலாலும் வாழ்முறையாலும் பிரித்த வகைகள் இருந்தன. கூடவே 'பழங்குடியினர்' என்று ஒரு வகை; வெப்பமண்டலக் காட்டிலோ தீவிலோ தென்படுவார்கள் என்ற குறிப்புடன். அரக்கர் கையேட்டில் இடம் பிடித்தாலே, அவர்கள் எதிர்ப்பட வேண்டியவர்கள் என்று ஆகிவிடுகிறது. அவர்களில் ஒருவராக விளையாட வழியில்லை.

3. வரைபடத்தின் வெற்றிடம். விளையாடுபவரிடம் தரப்படும் வரைபடத்தில் கடற்கரையும் ஒரு துறைமுகமும் தெரியும். உள்நாடு முழுக்க வெள்ளை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெள்ளையாக இருக்காது அல்லவா?

4. இடிபாடுகள். இந்த வகை விளையாட்டின் உயிரே பாழடைந்த நகரங்களும் கல்லறைகளும்தான். ஆப்பிரிக்கச் சாயல் உள்ள நிலத்தில் அந்த நகரத்தைக் கட்டியவர்களாக யாரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

இந்த நான்காவதில்தான் விஷயத்தின் வேர் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு பென்சிலும் ஒரு கல் நகரமும்

தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே, இன்றைய ஜிம்பாப்வேயில், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லை மட்டுமே அடுக்கிக் கட்டிய கிரேட் ஜிம்பாப்வே என்ற பெரிய நகரத்தின் எச்சம் இருக்கிறது. சில இடங்களில் சுவர் 11 மீட்டர் உயரம். சுமார் 11-ம் நூற்றாண்டு முதல் 15-ம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் முன்னோர் கட்டி வாழ்ந்த இடம் அது. தங்கமும் தந்தமும் அங்கிருந்து கிழக்குக் கடற்கரைக்குப் போயின; சீனப் பீங்கானும் இந்தியக் கண்ணாடி மணிகளும் வந்து சேர்ந்தன.

1871-ல் கார்ல் மௌச் என்ற ஜெர்மானியப் பயணி அங்கே போனார். ஒரு நிலைவாசல் மரத்தில் இருந்து சிம்பு ஒன்றை எடுத்து, தன் பென்சில் மரத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒரே மாதிரி இருக்கவே, இது லெபனான் தேவதாரு என்று முடிவு கட்டினார். தேவதாரு என்றால் லெபனான் கரையின் பழங்காலக் கடலோடிகளான பினீசியர்கள் கொண்டு வந்தது, அப்படியென்றால் இது விவிலியத்தில் சாலமோன் மன்னனைப் பார்க்கப் போன ஷீபா ராணியின் மாளிகை! மரம் என்னவோ உள்ளூர் மரம்தான். பென்சிலை வைத்து ஒரு மக்களின் வரலாற்றையே தூக்கி இன்னொருவர் கையில் கொடுத்த வேலை இது.

அடுத்து வந்தவர்கள் இன்னும் மோசம். 1900-களின் தொடக்கத்தில் அந்த இடத்துக்குப் பொறுப்பாளராக இருந்த ரிச்சர்ட் ஹால், மேலே இருந்த ஆப்பிரிக்கக் குடியிருப்பு அடுக்குகளைக் குப்பை என்று தோண்டி எறிந்தார். கட்டியவர்கள் யார் என்று சொல்லக்கூடிய ஆதாரமே அதில்தான் இருந்தது. 1905-ல் டேவிட் ராண்டல்-மேக்ஐவரும், 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் ஆய்வு செய்து, இது ஆப்பிரிக்கர்கள் கட்டியதுதான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னார்கள். அதற்குப் பிறகும் 1960-கள், 70-களில் ரொடீசியா என்று அப்போது அழைக்கப்பட்ட அந்த நாட்டின் வெள்ளைச் சிறுபான்மை அரசு அந்த முடிவை வெளியே சொல்ல விடாமல் நெருக்கடி கொடுத்தது. காரணம் எளிது. இங்கே நகரம் கட்டியது வெளியாட்கள் என்றால், மீண்டும் ஒரு வெளியாள் வந்து ஆள்வதும் சரியாகிவிடும். 1980-ல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கல் நகரத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

மௌச் போய் 14 ஆண்டுகள் கழித்து, ஹென்றி ரைடர் ஹேக்கார்டு ஆப்பிரிக்க உள்நாட்டில் சாலமோன் மன்னனின் சுரங்கத்தைத் தேடும் ஆங்கிலேயர்களை வைத்து நாவல் எழுதினார். அமோகமாக விற்றது. 'தொலைந்த நகரம்' ஒரு கதை வகையாகவே ஆகிவிட்டது. எட்கர் ரைஸ் பரோஸின் டார்சான் கதைகளில் வரும் ஓபர் நகரம், அட்லாண்டிஸ்காரர்கள் ஆப்பிரிக்கக் காட்டில் கட்டியது. 1930-களில் ராபர்ட் ஈ. ஹோவர்டின் கோனன் கதைகளில் தெற்கே முழுக்க 'கறுப்பு அரசுகள்'. 1979-ல் கைகாக்ஸ் தன் நடத்துநர் கையேட்டின் பின்னிணைப்பில், தன் விளையாட்டுக்குத் தூண்டுகோலான எழுத்தாளர்களைப் பட்டியலிட்டபோது பரோஸும் ஹோவர்டும் அதில் இருந்தார்கள்.

ஆக, பின்னாளில் ரொடீசியா அரசியல் தேவைக்காகக் காப்பாற்றிய அதே பொய், அதற்கு முன்பே சாகசக் கதையாகி, அங்கிருந்து விளையாட்டுக்கு வந்தது. எழுதிய இளைஞர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தாங்கள் ரசித்துப் படித்ததைத் திரும்ப எழுதினார்கள், அவ்வளவுதான்.

இதை உடைக்கப் பார்த்தவர்களும் உண்டு. சார்லஸ் சாண்டர்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளர், ஆப்பிரிக்க வரலாற்றையும் தொன்மத்தையும் அடித்தளமாக வைத்து இமாரோ என்ற வீரனைப் படைத்தார். 1981-ல் அதைப் பதிப்பித்த நிறுவனம் அட்டையில் 'கறுப்பு டார்சான்' என்று போட்டது! டார்சான் உரிமையாளர்கள் ஆட்சேபிக்க, புத்தகம் கடைக்குப் போவது தாமதமாகி விற்பனையும் அடிபட்டது. டார்சானுக்கு மறுப்பாக எழுதியதையும் டார்சான் பெயரைச் சொல்லியே விற்கப் பார்த்திருக்கிறார்கள்.

சல்ட்: பாதி திருந்திய காடு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புகழ்பெற்ற உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில், தெற்கே சல்ட் என்ற தீபகற்பம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு நாவலிலும் ஒரு விளையாட்டுப் புத்தகத்திலும் அது விரிவாக வந்தது: அடர்ந்த காடு, டைனோசர்கள், கறுப்பு நிற மக்கள். 2017-ல் 'டூம் ஆஃப் அனைஹிலேஷன்' என்ற பெரிய சாகசப் புத்தகம் அங்கே மறுபடியும் போனது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். போர்ட் நியன்சாரு என்ற துறைமுக நகரம் செழிப்பானது. வெளிநாட்டுப் பிடியில் இருந்து சல்ட் வணிகர்கள் மீட்டெடுத்தது. ஏழு வணிக இளவரசர்கள் ஆளுக்கொரு வியாபாரத்தைக் கையில் வைத்து ஆள்கிறார்கள், தெருவில் டைனோசர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. காட்டுக்குள் இருக்கும் ஓமு என்ற பாழ் நகரத்தைக் கட்டியதும் சல்ட் மக்களே. இடிபாட்டுக் கேள்விக்கு ஓரளவு சரியான பதில்.

ஆனால் கதை தொடங்கும் இடம்? வடக்கே பால்டர்ஸ் கேட் நகரத்தில் ஒரு பெரிய மந்திரவாதி சாகக் கிடக்கிறாள். செத்துப் பிழைத்தவர்களை எல்லாம் அரிக்கும் ஒரு சாபம், அதன் மூலம் சல்ட் காட்டுக்குள் இருக்கிறது. அவள் வீரர்களைக் கூட்டி, மந்திரத்தால் நேரே துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்குகிறாள். கையில் வெற்றிடமான வரைபடம், கூட ஒரு வாடகை வழிகாட்டி. ஆபத்து சல்டில் இருக்கிறது; அதைத் தீர்க்கும் கை வடக்கில் இருந்து வருகிறது. விளையாடுபவர் விரும்பினால் சல்ட்காரராகப் பாத்திரம் அமைக்கலாம், தடையில்லை. ஆனால் தொடக்கக் காட்சியிலேயே அவர் விருந்தாளி ஆகிவிடுகிறார்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். பழைய சாகசக் கதைகளில் 'காட்டு மக்களுக்கு' ஒட்டிய அடையாளங்கள் மறைந்து போகவில்லை, இடம் மாறிவிட்டன. சல்ட் காட்டில் பதிரி என்ற கோப்ளின் (குள்ள அரக்கர்) கூட்டம் உண்டு. மர முகமூடி, ஈட்டி, குடிசைக் கிராமம், ஒரு ராணி. மனிதர்கள் நகரத்தில் பட்டு உடுத்தி வாழ, முகமூடி அணிந்தவர்கள் அரக்கர் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள் என்றே படுகிறது. ஆனாலும் வில்லன் வேடம் அப்படியே இருக்கிறது, அணிபவர் மட்டும் வேறு.

சரி, டைனோசர் எதற்கு? ஆப்பிரிக்கச் சாயல் நிலத்தில் அழிந்துபோன விலங்கை உலவ விட்டால், அந்த மக்களும் காலத்துக்கு வெளியே நிற்பவர்களாகத் தெரிவார்கள். இதுவும் பழைய நாவல்களின் சொத்து. உண்மையான ஆப்பிரிக்க நிலப்பரப்பில் மழைக்காடு சிறு பகுதிதான். பாலைவனமும் புல்வெளியும்தான் அதிகம். 2,000-க்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே பேசப்படுகின்றன. சொந்தத் தங்க நாணயம் அடித்த பழைய எத்தியோப்பிய அரசான அக்சும், 1324-ல் கெய்ரோ வழியாக மெக்காவுக்குப் போய்த் தங்கத்தை வாரி இறைத்த மாலி மன்னர் மான்சா மூசா, 1331-ல் இபன் பதூதா வியந்து எழுதிய கில்வா துறைமுகம் எல்லாம் கதைக்கு அள்ளக் குறையாத சரக்கு. காட்டை மட்டும் எடுத்துக்கொண்டது சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

முவாங்கி: அதே நிலம், இரண்டு பதிப்பு

பாய்சோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் விளையாட்டிலும் இப்படி ஒரு பகுதி உண்டு. பெயர் முவாங்கி எக்ஸ்பேன்ஸ். ஒரே நிறுவனம் ஒரே நிலத்தைப் பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு விதமாக எழுதியிருப்பதால், ஒப்பிட வசதியானது.

முதல் பதிப்பில், 2010-ல் தொடங்கி ஆறு பகுதிகளாக வந்த 'சர்ப்பன்ட்ஸ் ஸ்கல்' என்ற தொடர் சாகசம். கடற்கரையில் சர்காவா என்ற நாடு. வடக்கே இருந்து வந்து குடியேறியவர்கள் உள்ளூர் மக்களை ஆளும் இடம். வீரர்கள் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கி, அங்கிருந்து தலைநகருக்குப் போய், காட்டுக்குள் ஒரு தொலைந்த நகரத்தை முதலில் அடையும் போட்டியில் இறங்குவார்கள். போட்டிக்கு ஐந்து அணிகள். குடியேற்ற அரசு, கடற்கொள்ளையர், வணிகக் கூட்டமைப்பு என்று எல்லாம் உண்டு. காட்டில் வாழும் மக்களின் அணி மட்டும் இல்லை.

தேடிப் போகும் சவெந்த்-யி நகரத்தைக் கட்டியது அஸ்லாண்ட்காரர்கள். கடலில் மூழ்கிப்போன ஒரு பழம்பெரும் நாகரிகம். அட்லாண்டிஸின் மறு உருவம். ஓபர் நகரத்தின் நேர் வாரிசு!

2019-ல் பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, சர்காவாவில் புரட்சி நடந்து குடியேற்ற ஆட்சி கவிழ்ந்ததாகவும், நாட்டின் பெயர் விட்ரியன் என்று மாறியதாகவும் கதையை நகர்த்தினார்கள். 2021-ல் முவாங்கிக்கென்று தனிப் புத்தகம் வந்தது. எழுதியவர்களில் கறுப்பின எழுத்தாளர்கள் பலர். அதில் மூன்று மாற்றங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

1. அறிவின் திசை மாறியது. உலகமே இருளில் கிடந்த காலத்தில் மந்திரக் கல்வியை மீட்டவர் ஜடெம்பே என்ற முவாங்கி அறிஞர். அவர் தொடங்கிய மகாம்பியா அந்த உலகின் பழம்பெரும் மந்திரக் கல்விக்கூடம். ஜடெம்பே முதல் பதிப்பிலும் இருந்தார், ஆனால் ஓரத்தில். இப்போது நடுவில்.

2. உட்காரும் இடம் மாறியது. 'ஸ்ட்ரெங்த் ஆஃப் தவுசண்ட்ஸ்' என்ற தொடர் சாகசத்தில் வீரர்கள் மகாம்பியாவின் மாணவர்களாகத் தொடங்கி, பின்னால் அங்கேயே ஆசிரியர்கள் ஆகிறார்கள். அக்கம்பக்கத்தாருக்கு உதவுவதும் பாடம் படிப்பதும்தான் முதல் வேலைகள். வரைபடத்தில் வெள்ளை இல்லை, ஏனென்றால் அது அவர்கள் ஊர்.

3. ஒரே 'முவாங்கி மக்கள்' பல மக்கள் ஆனார்கள். எல்ஃப் என்ற கூர்க்காது இனத்துக்குள்ளேயே பல குலங்கள், தனித்தனி வழக்கங்கள். மடாஞ்சி என்ற ஓர்க்குகள் பேய்களை எதிர்த்துக் காவல் நிற்பவர்கள். அகான் மக்களின் அனான்சி கதைகளை நினைவூட்டும் சிலந்தி இனமான அனடியை விளையாடுபவரே தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் சாதுவான, கூச்ச சுபாவிகள்.

சண்டையும் ஆபத்தும் குறைந்துவிடவில்லை. கொடூரமான ஆட்சிகளும் பேய் வழிபாடும் புதிய புத்தகத்திலும் உண்டு. எல்லோரையும் நல்லவராக்கிவிட்டால் அது இன்னொரு முத்திரை, விளையாடவும் சப்பென்று இருக்கும்.

வழக்கமாக வரும் இரண்டு ஆட்சேபங்கள்

"ஐரோப்பாவையும்தானே கோட்டை, குதிரைவீரன் என்று வார்ப்பாகக் காட்டுகிறார்கள்?" ஆமாம், காட்டுகிறார்கள். ஆனால் ஐரோப்பியச் சாயலில் ஒரே உலகத்துக்குள் வணிகக் குடியரசு, பனிநாட்டுக் குலங்கள், பல்கலைக்கழக நகரம், சீரழிந்த பேரரசு என்று இருபது வகை கிடைக்கும். ஒன்று கேலிச்சித்திரமாக இருந்தால் மற்றவை ஈடு செய்யும். ஆப்பிரிக்கச் சாயலுக்குத் தருவது பெரும்பாலும் ஒரே பகுதி, அதுவும் காடு.

"இது வெறும் கற்பனை, யாருக்கும் பாதிப்பில்லை." ஹடோசிக்கு இங்கேதான் திரும்ப வர வேண்டும். புதிய புத்தகம் அந்த இனத்துக்குக் கொடுத்த பூர்வகதை இது: ஒரு மந்திரவாதி அந்த விலங்குகளைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவு வரவைத்து, படையாக விற்கத் திட்டமிடுகிறான், அவனுடைய சீடர்கள் இரக்கப்பட்டு விடுவிக்கிறார்கள். குரங்கோடு ஒப்பிடுவது, பிடித்து விற்பது, எஜமான் வீட்டு நல்லவர்களால் விடுதலை, இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அமெரிக்க வாசகருக்கு எது ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, வாத்தியத்தோடு துள்ளும் ஒரு ஹடோசியின் படம். 19-ம் நூற்றாண்டில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய மின்ஸ்ட்ரல் நாடகங்களின் விளம்பரத் தாள்களை அது ஒத்திருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை. அச்சுக்குப் போகும் முன் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

என்ன மாறியிருக்கிறது, என்ன மாறவில்லை?

விசார்ட்ஸ் நிறுவனம் 2020 ஜூனில், சல்ட் புத்தகம் உட்படச் சிலவற்றின் மறு அச்சில் புண்படுத்தும் வரிகளைத் திருத்தியதாக அறிவித்தது. அதே ஆண்டு ஓர்க்குக்கு இருந்த அறிவு மதிப்பெண் குறைப்பு போனது. மதிப்பெண்களை இனத்தோடு கட்டாமல் விளையாடுபவரே மாற்றிக்கொள்ளவும் விதி வந்தது. ஹடோசி விவகாரத்துக்குப் பின், 2022 நவம்பரில், வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தையும் வெளி ஆலோசகர்கள் பார்ப்பார்கள் என்றார்கள். டிசம்பரில் 'இனம்' என்ற பிரிவுப் பெயரே விதிகளில் இருந்து போகும் என்று அறிவித்து, 2024 விதிப்புத்தகத்தில் 'உயிரினம்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள்.

இவை எண்ணையும் சொல்லையும் திருத்துகின்றன. வெற்றிட வரைபடத்தையும் இடிபாட்டையும் தொடுவதில்லை. பழைய புத்தகங்களோ, காலத்துக்கு ஒவ்வாத சித்திரிப்பு இருக்கலாம் என்ற எச்சரிக்கைக் குறிப்புடன் மின்நூலாக இன்னும் விற்கின்றன. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அழித்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆதாரம் இருக்காது.

எனவே மீதி வேலை மேசையில் கதை நடத்துபவர் கையில்தான். பழைய சாகசத்தை எடுத்து விளையாடுகிறவர்களுக்குச் சில மாற்றங்கள் அதிகச் செலவில்லாதவை:

1. சல்ட் சாகசத்தில் வீரர்கள் எல்லோரும் போர்ட் நியன்சாருவில் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சாபம் தாக்கியவர் அவர்களுடைய பாட்டியாகவோ ஆசிரியராகவோ இருக்கட்டும். வடக்கத்தி மந்திரவாதி தேவையே இல்லை.

2. வரைபடத்தின் உள்நாட்டில் ஊர்ப் பெயர்களை எழுதிவிடலாம். தெரியாதது ஊர்கள் அல்ல, போன மாதம் அங்கே என்ன நடந்தது என்பதுதான்.

3. பதிரி கோப்ளின்களுக்கு ஒரு எல்லைத் தகராறும் பேசித் தீர்க்க ஒரு கோரிக்கையும் கொடுக்கலாம். முகமூடி எதற்கு என்பதற்கும் ஒரு காரணம் வேண்டும்.

4. சவெந்த்-யியை முவாங்கி மக்களின் முன்னோர் கட்டியதாக மாற்றினால், ஐந்து அணிகளின் ஓட்டம் கண்டுபிடிப்புப் பயணமாக இருக்காது, கொள்ளைப் போட்டி ஆகிவிடும். ஆறாவதாக உரிமைக்காரர்களின் அணி ஒன்று வந்து நிற்கும். வீரர்கள் எந்த அணியில் சேர்வார்கள் என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டியிருக்கும்.